கடைமடையில் விழுந்த புள்ளிகள்

இருட்டறையில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போகிறவர்கள் நீங்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு நன்றி சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள். பிழைத்தவர் ஆபரேஷன் செய்த டாக்டருக்கு மாலை போடுவார், வார்டு நர்ஸுக்கு ஸ்வீட் பாக்கெட் கொடுப்பார். கதிரியக்க மருத்துவர் என்று ஒரு ஆள் உள்ளே இருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. கல்யாண வீட்டில் யாராவது விசாரித்தால், "ஓ, நீங்க ஸ்கேன் எடுக்கிறவங்களா?" என்பார்கள். எடுப்பவர் வேறு, படிப்பவர் வேறு என்று விளக்கப் போனால் பந்தியில் இலை பறிபோய்விடும். நான் விளக்குவதை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன.

வேலையை விட்டு வீட்டில் இருக்கும் என்னை, பக்கவாதப் படங்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இயந்திரத்தைப் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். இப்போது மென்பொருளே அடிபட்ட இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுகிறது. காரணம் இதுவாக இருக்கலாம் என்று ஊகம்கூடச் சொல்கிறது. நல்லது, சொல்லட்டும். அது சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குத் தெரிந்த விஷயம். அது அவ்வளவு சந்தோஷமான விஷயம் இல்லை.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரு முசுடு. பெயர் சொன்னால் அவருக்குப் பிடித்திருக்காது, அதனால் சொல்லவில்லை. கீழ்வேளூர்ப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். அண்ணன் தம்பி எல்லோரும் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட, இவர் மட்டும் தஞ்சாவூரில் தங்கிவிட்டார். "வலது பக்கத்தில் அடைப்பு" என்று நாங்கள் எழுதிக்கொண்டு போனால் முகத்தைச் சுளிப்பார்.

"எங்கேன்னு சொல்றது தபால்காரர் வேலை. ஏன் வந்துச்சுன்னு சொல்லு. அதுக்குத்தான் உனக்குச் சம்பளம்."

ஏன் என்பதைப் படமே சொல்லும் என்பது அவர் கட்சி. அதற்கு அவரிடம் இரண்டு வார்த்தைகள் இருந்தன, இரண்டும் வயலில் இருந்து வந்தவை. மூளையில் இரண்டு பக்கமும், முன்னும் பின்னும், சிறு சிறு புள்ளிகளாக இறைந்து கிடந்தால் அதற்குத் 'தெளிப்பு' என்று பெயர். விதையைக் கையால் வீசித் தெளித்தது மாதிரி. எல்லா ரத்தக் குழாய்களுக்கும் பொதுவான ஓர் இடத்தில் இருந்துதான் இத்தனை பக்கமும் போயிருக்க முடியும், அதனால் முதலில் இதயத்தைப் பார். நீடாமங்கலத்தில் இருந்து பிள்ளை பெற்ற கையோடு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பிரசவத்தால் மூளைச் சிரையில் ரத்தம் உறைந்துவிட்டது என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். இவர் படத்தைப் பார்த்தார், "தெளிப்பு" என்றார், போனை எடுத்து இதய வால்வைப் பார்க்கச் சொன்னார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் கெட்டுப்போயிருந்த வால்வு அது. அந்தப் பெண் பிழைத்தாள், குழந்தையையும் வளர்த்தாள்.

இன்னொரு வார்த்தை கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் தலைப்பில் இருக்கிறவன் நடவே முடித்திருப்பான், கீழ்வேளூர்க்காரன் அப்போதும் வாய்க்காலை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆற்றில் வரத்து குறைந்தால் முதலில் காய்வது கடைசி வயல்தான். மூளையிலும் அப்படி ஓர் இடம் உண்டு. ஒரு குழாய் பாய்ச்சுகிற பகுதியும் அடுத்த குழாய் பாய்ச்சுகிற பகுதியும் சந்திக்கிற எல்லை அது, இரண்டுக்குமே கடைசி. அந்த எல்லையில், ஒரே பக்கத்தில், புள்ளிகள் வரிசையாக விழுந்தால் கோளாறு அங்கே இல்லை. கழுத்தில் இருக்கும் பெரிய குழாய் அடைத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் ரத்த அழுத்தத்தைக் குறைத்தால், எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற கொஞ்சத் தண்ணீரும் நின்றுபோகும்.

எல்லாப் படமும் இப்படிப் பேசாது. பாதிப் படங்கள் வாயே திறக்காது, அதை ஒத்துக்கொள்ளவும் பழகிக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது மிகத் தெளிவாகப் பேசிய ஒரு படத்தைப் பற்றி.

அவர் பெயர் தங்கவேல் என்று வைத்துக்கொள்வோம். நாகப்பட்டினத்துக் கடலோரத்தில் மீன் ஏலம் கூறுகிறவர். படகு கரைக்கு வந்ததும் கூடை கூடையாக மீனை இறக்கி வைக்க, சுற்றிலும் வியாபாரிகள் நிற்க, நடுவில் நின்று விலை கூவி முடித்து வைப்பது அவர் வேலை. படகு சொந்தமில்லை, வலை சொந்தமில்லை. குரல் ஒன்றுதான் சொந்தம். அதை வைத்துத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்திருந்தார்.

தடைக்காலம் முடியப் போகிற சமயம். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று விசைப்படகுகளைக் கடலுக்கு விடாமல் நிறுத்தி வைத்திருக்கும் மாதங்கள் அவை. அவர் மனைவி அமிர்தம் அவரைத் தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனைக்குக் கூட்டி வந்தார். வலது கை திடீரென்று தொங்கிவிடுகிறது, வாய் குழறுகிறது, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது. இரண்டு தடவை அப்படி வந்துவிட்டது. ஊர் கிளினிக்கில் ரத்த அழுத்தம் என்று சொல்லி மாத்திரையைக் கூட்டிக்கொடுத்திருந்தார்கள்.

படம் என் திரைக்கு வந்தது. வலது பக்கம் துடைத்து வைத்தது மாதிரி சுத்தம். இடது பக்கத்தில் அந்த எல்லைக் கோட்டின் மேல் மணி கோத்தாற்போல் புள்ளிகள். கடைமடை. என் முசுடு ஆசான் உயிரோடு இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். அத்தனை சுத்தமான கடைமடையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இடது பக்கம் என்பது பேச்சு இருக்கும் பக்கம்.

வார்டு டாக்டருக்குப் போன் செய்தேன். நல்ல பையன், படித்தவன், நோயாளிகளிடம் கனிவாகப் பேசுவான்.

"என்னப்பா, அந்த மீன் ஏலக்காரருக்கு என்ன நினைக்கிறீங்க?"

"சின்னக் குழாய் நோய்தான் மேடம். பிபி இருக்கு, சுகர் இருக்கு, பீடியும் பிடிக்கிறாரு. பிபிய இறக்கிட்டு நாளைக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன்."

"இறக்காதீங்க. சின்னக் குழாய் நோய்னா ரெண்டு பக்கமும் இருக்கணும்ல? இவருக்கு ஒரே பக்கம், அதுவும் வரிசையா இருக்கு. கழுத்தைப் பாருங்க."

"இன்னொரு ஸ்கேனா மேடம்?"

"இன்னொரு ஸ்கேன்தான். இன்னைக்கே."

அந்தப் பக்கம் அவன் கேஸ் ஷீட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அவர் சம்சாரம் ஒண்ணு சொல்லிச்சு மேடம். மாத்திரை போட்டாத்தான் கை விழுதாம். எல்லாரும் சொல்றதுதானேன்னு விட்டுட்டேன்" என்றான்.

உண்மைதான், எல்லோரும் சொல்வதுதான். மாத்திரை சூடு, மாத்திரை ஒத்துக்கவில்லை என்று இந்த ஊரில் தினம் பத்துப் பேராவது சொல்வார்கள். அமிர்தமும் மாத்திரை சூடு என்றுதான் நினைத்து மோரில் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார். காரணம் தப்பு, கவனித்தது சரி. மாத்திரை அழுத்தத்தை இறக்க, கடைமடை காய்ந்திருக்கிறது. கழுத்தைப் படம் எடுத்ததில் இடது பக்கப் பெருங்குழாய் நூல் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. மாத்திரையை நிறுத்தினார்கள், படுக்க வைத்தார்கள், குழாயைத் திறக்க வெளியூரில் இருந்து சர்ஜன் வர ஏற்பாடு செய்தார்கள். ஒரு சில நாள் பொறுத்தால் போதும்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அன்றைக்கு நிம்மதியாக டீ குடித்தேன்.

மறுநாள் வார்டு டாக்டர் வந்து என் கதவருகே நின்றான். "மேடம், அவர் வீட்டுக்குப் போகணுங்கிறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

நாம் வார்டுக்குப் போகிற சாதி இல்லை, உங்களுக்குத் தெரியும். ஆனாலும் போனேன்.

தங்கவேல் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கறுத்த ஒல்லி உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத பெரிய குரல். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் அதற்குள் அவருக்குச் சிநேகம். அமிர்தம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார்.

"படுக்கச் சொன்னாங்கல்ல, ஏன் உக்காந்திருக்கீங்க?" என்றேன்.

"படுத்துப் படுத்து முதுகே போச்சுங்க டாக்டரம்மா. எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நாளான்னிக்குத் தடை முடியுது. மொத மீனு கரைக்கு வர்ற அன்னிக்கு நான் அங்க நிக்கணும். ஒரே ஒரு காலை. முடிச்சுட்டு அன்னிக்கே வந்து படுத்துக்கறேன்."

"வேற யாராவது கூவட்டுமே."

"அதாங்க வேணாங்குறேன். மொத ஏலத்துல எவன் கொரலு ஒக்காந்துருதோ, வருசம் முழுக்க அவன் கொரலுதான். யாவாரிங்க மாத்த மாட்டாங்க."

கடைமடைக் கதையைச் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார். "நாங்க உப்புத்தண்ணிக்காரங்க. வாய்க்கா கணக்கெல்லாம் எங்களுக்கு எங்கங்க தெரியும்?"

அமிர்தம் குறுக்கே வந்தார். "டாக்டரு தம்பியே சொல்லிருச்சுங்களே, மைல்டுதான்னு. மைல்டு அட்டாக்குதான், பயப்படாதீங்கன்னு எங்கிட்ட சொல்லிச்சு."

நான் திரும்பி அந்த வார்டு டாக்டரைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

மைல்டு. இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவன் கையில் கிடைத்தால் நான் இன்றைக்கும் விடமாட்டேன். நம் ஊரில் நெஞ்சில் வந்தாலும் மைல்டு, மூளையில் வந்தாலும் மைல்டு. அழுகிற மனுஷியைத் தேற்றுவதற்காகச் சொல்வது. கேட்கிறவர் காதில் அது "முடிந்துவிட்டது" என்று விழுகிறது. படத்தில் புள்ளிகள் சின்னவைதான், அதில் பொய்யில்லை. புள்ளி சின்னதாக இருப்பதும் காரணம் பெரிதாக இருப்பதும் ஒரே படத்தில் இருக்க முடியும் என்பதை அந்த ஒரு வார்த்தை மறைத்துவிட்டது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "ஏலத்தை எப்படி முடிப்பீங்க, சொல்லுங்க" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வெலை நிக்கிற எடம் வந்துச்சுன்னா ஒரு தரம்பேன். அப்புறம் ரெண்டு தரம்பேன். அதுக்கப்புறம் கொஞ்சம் நிறுத்துவேங்க. அந்த நிறுத்தத்துலதான் சூட்சுமமே இருக்கு. எவனுக்காவது மனசு அடிச்சுக்கும், ஏத்திக் கேப்பான். ஒருத்தனும் கேக்கலன்னா மூணு தரம். அவ்வளவுதான், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது."

"உங்களுக்கு எத்தனை தரம் கை விழுந்துச்சு?"

"ரெண்டு தரம்."

"இப்ப நிறுத்தியிருக்கு."

அந்தப் பெரிய குரல்காரர் தன் வலது கையைத் தூக்கி, விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் ஒரு நோயாளிக்கு ஒரு விஷயம் முழுசாகப் புரிவதைக் கண்ணால் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"டாக்டரம்மா சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றார் கடைசியில். "சர்ஜன் வர்ற வரைக்கும் இருக்கேன்."

திரும்பி வரும்போது காரிடாரில் வைத்து அந்தப் பையனைத் திட்டினேன். இனி உன் வாயில் மைல்டு என்று வரக்கூடாது என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. மனது கேட்காமல்தானே சொன்னான், எனக்கும் தெரியும். தெரிந்தேதான் திட்டினேன்.

அடுத்த நாள் சாயங்காலம் கட்டில் காலி. ஊரில் இருந்து ஒரு போன் வந்ததாம். வேறொரு குரல் தயாராகிவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "காலையில நின்னுட்டு மத்தியானம் இங்க இருப்பேன்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அமிர்தம் தடுத்தாரா என்று கேட்டேன். தடுத்தாராம். "மைல்டுன்னுதானடி சொன்னாங்க, நீயேதான சொன்ன" என்று அவரிடமே திருப்பிச் சொல்லிவிட்டாராம் தங்கவேல். புரிந்த மனிதர்தான். புரிந்ததை ஒதுக்கி வைக்க அவருக்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது, அதை நாமே கொடுத்து வைத்திருந்தோம்.

ஏலத்தன்று வெயில் கொளுத்தியது. வெறும் வயிற்றோடு விடிந்ததில் இருந்து நின்றிருக்கிறார். சொன்னபடியே அவர் மத்தியானம் மருத்துவமனைக்கு வந்தார், ஆம்புலன்ஸில்.

படம் திரையில் விரிந்தது. நான் பெயரைப் பார்க்கவில்லை, பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. பழைய புள்ளிகள் வரிசையாக அங்கேயே இருந்தன, அவற்றைச் சுற்றி இடது பக்கம் முழுவதும் போயிருந்தது. கழுத்துக் குழாய் நூலாகக்கூட இல்லை. நேரம் கடந்திருந்தது, சேதம் அவ்வளவு பெரிதானால் திறப்பதே ஆபத்து. வார்டு டாக்டர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு பார்த்தான். எழுதவேண்டியதை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் போன தடவை எழுதிய அதே வரியைத்தான் எழுதவேண்டியிருந்தது. நம் தொழிலில் ஊகம் சரியாகப் போவதுபோல் கசப்பு வேறில்லை.

நீங்கள் இதில் இருந்து என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பீர்கள். படத்தைப் பார்த்துக் காரணம் சொல்லப் பழகுங்கள், அது கஷ்டமில்லை, ஐந்தாறு வருடத்தில் வந்துவிடும். எழுதி அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்தக் காரணம் மாடிப்படி ஏறி வார்டுக்குப் போகும்போது என்ன வார்த்தையாக மாறுகிறது என்று விசாரியுங்கள். இனிப்பாக மாறியிருந்தால் எழுந்து போய்க் கலையுங்கள். போய்க் கலைத்தாலும் சிலர் போய்விடுவார்கள். நான் போகத்தான் செய்தேன், அவருக்கே உரிய சொல்லால் சொல்லத்தான் செய்தேன். அது போதவில்லை. இதற்கு மேல் என்ன செய்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை, தெரிந்த மாதிரி உங்களிடம் நடிக்க விருப்பமும் இல்லை.

அந்த வருடம் ஐப்பசி மழையில் அமிர்தம் அவரை மறுபரிசோதனைக்குக் கூட்டி வந்தார். நான் வெளியே வந்து பார்த்தேன். சக்கர நாற்காலியில், வலது கை மடியில் வைத்த பொருள் மாதிரிக் கிடக்க, தங்கவேல் உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் செய்து, தலை வாரி, பளிச்சென்று வைத்திருந்தார் அமிர்தம்.

"என்னைத் தெரியுதா?" என்றேன்.

கண்ணில் தெரிந்தது. வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பேச்சு போனவர்களிடம், வாழ்நாளெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த ஒன்றிரண்டு சொற்கள் மட்டும் தங்கிப்போகும், நீங்கள் படித்திருப்பீர்கள்.

"ஒரு தரம்" என்றார். அதே பெரிய குரல். காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டு தரம்."

நிறுத்தினார். என் முகத்தையே பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"தண்ணி வேணும்னாலும் இதாங்க, பசின்னாலும் இதாங்க, பேத்தியக் கொஞ்சுறதும் இதாங்க" என்றார் அமிர்தம், அவர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டே. "மூணு மட்டும் வராது. ஆஸ்பத்திரியில எத்தனையோ சொல்லிக்கொடுத்துப் பாத்தாங்க. நாந்தான் வேணாம், விட்டுடுங்கன்னுட்டேன். அது வரலன்னாத்தான டாக்டரம்மா, இன்னும் முடியலன்னு அர்த்தம்?"